அவ வச்சிட்டுப் போன பிளஸ் எட்டு

நான் சாமி கும்புடுறவன்தான், ஆனா பேய் பிசாசுன்னு யாராவது பேச்செடுத்தா எழும்பிப் போயிடுற ஆளு. இருபத்தொரு வருஷமா தேயிலை பெக்டரியில வேல. அங்க கொழுந்து அரைக்கிற ரோதை தானா சுத்துதுன்னு பயந்து ஓடி வந்தவங்கள பாத்து சிரிச்சிருக்கேன், அந்த இடத்துக்கே டோர்ச்சோட போயி பெல்ட்டு தளர்ந்து கெடக்குறத காட்டியும் இருக்கேன். அப்படிப்பட்டவன்தான் இத எழுதுறேன். நீங்க சிரிச்சாலும் பரவாயில்ல. வாசிக்கிற யாருக்காவது நான் இனி என்ன செய்யணும்னு தெரிஞ்சா அது போதும்.

எங்க தோட்டம் லுணுகலைக்கு மேல. மாரியம்மன் கோயில்ல வெள்ளிக்கிழமை பஜனைக்கு நான்தான் கீபோர்ட். யாருகிட்டயும் படிச்சதில்ல, கேட்டுக் கேட்டு வாசிச்சுப் பழகுனதுதான். என் கீபோர்ட்டுல கட்டை மட்டும்தான் வேல செய்யும், சத்தம் வர்றது பக்கத்துல இருக்க ஒரு கறுப்புப் பொட்டியில இருந்து. சவுண்ட் மொடியூல்னு சொல்லுவாங்க, நாங்க பொட்டின்னே சொல்லுவோம். ரொம்பப் பழைய சாமான். ஆர்மோனியம், புல்லாங்குழல், வயலின் எல்லாச் சத்தமும் அதுக்குள்ளதான். ஒரு வயர்ல ரெண்டையும் மாட்டிட்டா நான் கட்டைய அமுக்குவேன், பொட்டி பாடும்.

இன்னொன்னும் சொல்லணும், அது தெரியாட்டி மத்தது வெளங்காது. எனக்கு ஒரே சுதியிலதான் வாசிக்க வரும், வெள்ளைக் கட்டையில. கறுப்புக் கட்டைக்குப் போனா விரல் தடுமாறும். ஆனா பாடுறவங்களுக்கு ஆளுக்கு ஒரு சுதி இருக்கே, அதுக்காக பொட்டியில ஒரு நம்பர் இருக்கு. அத ஏத்தி வச்சா என் விரல் பழைய இடத்துலயே ஓடும், சத்தம் மட்டும் மேல போயிடும். எம் பொஞ்சாதி ராஜேஸ்வரிக்கு பிளஸ் எட்டு, அதாவது அஞ்சரைக் கட்டை. எங்க பஜனையில பாட்டுன்னா அவதான். அவ பாடுனா கீழ் லயத்து வீடுங்க வரைக்கும் கேக்கும்.

மகள் தர்ஷினி பெரிய வகுப்புக்குப் போன வருஷம் ராஜி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தா. நான் வேணாம்னு சொன்னேன், சத்தமாச் சொல்லல, அதுதான் என் தப்பு. அவ போறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பஜனை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் அவளே குனிஞ்சு பொட்டியில எட்ட வச்சு சேவ் பட்டன அமுக்குனா. "நா வர்ற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கப்படாது. வேற யாராச்சும் பாடுனா எஞ் சுதியில பாடட்டும், தொண்ட கிழியட்டும்"னு சொல்லி சிரிச்சா. வெளையாட்டுக்குத்தான் சொன்னா. நானும் மத்தவங்க பாடுறப்ப நம்பர இறக்கிக்குவேன், ஆனா சேவ் பண்ண மாட்டேன். அணைச்சுப் போட்டா திரும்ப எட்டுலயே வந்து நிக்கும். அதப் பாக்குறப்ப எல்லாம் அவ விரல் தெரியும்.

ஒன்றரை வருஷம் ஒழுங்கா போன் வந்திச்சு. வெள்ளிக்கிழமை பஜனைக்கு முன்னால ஒரு நிமிஷமாவது பேசிடுவா. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வரல. அடுத்ததும் வரல. அவ நம்பருக்கு எடுத்தா ஒரு பொம்பள அரபியில ஏதோ சொன்னா, அணைச்சிருக்குன்னு அர்த்தமாம். அனுப்புன ஏஜென்ட் மொதல்ல பொறுங்கன்னு சொன்னான், பொறவு போனையே எடுக்கல. போகாத ஒஃபிஸ் இல்ல, குடுக்காத கடிதம் இல்ல. ஒவ்வொரு எடத்துலயும் அவ படத்த ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டாங்க. அஞ்சு மாசம். தர்ஷினி வாயத் தொறந்து கேக்கல, ஆனா போன் அடிச்சா சாப்பாட்டுப் பீங்கான அப்படியே வச்சுட்டு வந்து நிப்பா.

அந்த அஞ்சு மாசத்துல ஒரு நாள்தான் நான் ஒரு நேர்த்தி வச்சேன். மஞ்சத் துணியில ஒரு குத்திக் காசு முடிஞ்சு, கோயிலுக்குக் கொண்டு போகாம, வீட்டுலயே அந்தப் பொட்டியச் சுத்திக் கட்டினேன். அவ உசிரோட வந்து இதுல பாடுற வரைக்கும் இந்த எட்ட நான் இறக்க மாட்டேன்னு பொட்டி மேல கைய வச்சுச் சொன்னேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேக்காதீங்க. கோயிலுக்கு நடக்கத் தெம்பில்ல, கண்ணுக்கு முன்னால அதுதான் இருந்திச்சு.

அன்னையில இருந்து ஆம்பளைங்களும் எட்டுலதான் பாடணும். மேல எடுத்தா தொண்டை கிழியும், கீழ எடுத்தா கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி. டோலக் அடிக்கிற கணேசன்தான் பாவம். "அண்ணே, போன வாரம் பாடிட்டுப் போயி வீட்டுல பேசுனா ஆடு கத்துற மாதிரி வருது, எம் பொஞ்சாதி புல்லுக்கட்டோட வந்து நிக்கிறா"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். கீபோர்ட்டுலயே கொஞ்சம் இறக்கி வாசிக்கப் பழகலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. அது ஏமாத்துறதுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் யாரும் கேக்கல, பாடுறவங்கதான் ஒவ்வொருத்தரா குறைஞ்சாங்க.

இதுக்கு நடுவுல பொட்டியப் போட்டதும் பெட்டரி குறைஞ்சிருக்குன்னு ஒரு வரி வர ஆரம்பிச்சிச்சு. உள்ளுக்குள்ள காசு மாதிரி ஒரு பெட்டரி இருக்காம், நம்ம வச்ச நம்பரெல்லாம் அதோட தயவுலதான் நிக்குதுன்னு தர்ஷினி தேடிப் பாத்துச் சொன்னா. அது செத்தா எல்லாம் சைபருக்குப் போயிடும். பெட்டரிய மாத்தினாலும் போயிடும். பொட்டியும் இப்ப இரைச்சல் போடுது, திருவிழா வருது, பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுப்போம்னு கோயில் கமிட்டி வேற. நான் தவிச்ச தவிப்பு உங்களுக்கு வெளங்குதா தெரியல. விட்டாலும் எட்டு அழியும், மாத்துனாலும் அழியும், புதுசு எடுத்தாலும் அழியும். தினம் காலையில பெரட்டுல பேர் குடுக்க ஆளுங்க போறதுக்கு முன்னாலயே எழும்பி சுவிட்சப் போட்டுப் பாப்பேன். எட்டு. அப்பாடான்னு ஒக்காருவேன். ஒரு மனுஷன் இப்படியா ஆவான்னு எனக்கே வெக்கமா இருக்கும்.

கடைசியில அம்மன் முன்னால ரெண்டு பூவ ரெண்டு பொட்டலமா மடிச்சுப் போட்டுக் கேட்டேன். வெள்ளப் பூ வந்தா பெட்டரி மாத்த பொட்டியத் தொறக்கக் குடுக்கிறது, செவப்புப் பூ வந்தா அப்படியே விடுறது. தர்ஷினிதான் பொட்டலத்த எடுத்தா. வெள்ள வந்திச்சு.

பதுளையில ரிஸ்வான் நானாவோட கடை. முஸ்லிம் அண்ணன்மார நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். ரேடியோ, எம்ப்ளிஃபயர், கீபோர்ட் எல்லாம் திருத்துவாரு, பழைய சாமான் வாங்கி விக்கவும் செய்வாரு. பொட்டிய உரச்சாக்குல சுத்தி மடியில வச்சுக்கிட்டு பசறை வழியா பஸ்ஸுல போனேன். மத்தியானமே மூடுபனி. நானாவுக்கு என் கதை தெரியும், லுணுகலைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவரு ஒரு புது மாதிரி மொடியூல எடுத்துக் காட்டி அதுல தவில், நாயனம் எல்லாம் அச்சு அசலா இருக்குன்னு வாசிச்சும் காட்டுனாரு. உண்மையிலயே நல்லா இருந்திச்சு. அந்த எட்டுதானே பிரச்சினை, ஒரு நிமிஷத்துல இதுல போட்டுத் தாரேன்னாரு.

"நீங்க போட்டா அது நீங்க போட்டது நானா. இது அவ போட்டது"ன்னேன்.

அவரு மஞ்சத் துணிய மெதுவா ஒதுக்கிட்டு பொட்டியக் கழட்டினாரு. அந்தச் சின்ன பெட்டரி பச்சை பூத்துப் போயி இருந்திச்சு. மீட்டர வச்சுப் பாத்தாரு. முள்ளு அசையல. திருப்பி வச்சுப் பாத்தாரு, வேற மீட்டர் எடுத்துப் பாத்தாரு. பொறவு என்னய பாத்து, "தம்பி, இது செத்து ரெண்டு மூணு வருஷமாச்சும் இருக்கும். இதுல ஒரு நம்பரும் நிக்க ஏலாது"ன்னாரு.

இன்னைக்குக் காலையில எட்டு நின்னுச்சேன்னு சொன்னேன். உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்னு சொல்லல அவரு, ஆனா அந்தப் பார்வை அதத்தான் சொல்லிச்சு. பெட்டரியப் பிடுங்கி மேசை மேல வச்சாரு. அசர் தொழுதுட்டு வந்து புதுசு போடுறேன்னு போனாரு. அரை மணித்தியாலம் நான் மட்டும் அந்தத் தொறந்த பொட்டிக்கு முன்னால இருந்தேன். கரண்ட் இல்ல, பெட்டரி இல்ல. செத்தவங்களுக்குப் பக்கத்துல இருக்க மாதிரி இருந்திச்சு. தாயே நான் பண்ணது தப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

நானா வந்தாரு. புது பெட்டரி போடுறதுக்கு முன்னால பொட்டி உசிரோட இருக்கான்னு பாப்போம்னு வயர மாட்டி சுவிட்சப் போட்டாரு. சைபர் வரணும். நாங்க ரெண்டு பேரும் அந்தச் சின்னக் கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்.

பிளஸ் எட்டு.

நானா சிரிக்கப் பாத்தாரு, வேற எங்கயாச்சும் எழுதி வச்சிருக்குமோன்னு குனிஞ்சு உள்ளுக்க பாத்தாரு. அப்பதான் அது ஏழாச்சு. அவரு கை பொட்டியில இல்ல, என் கையும் இல்ல. நீங்க நம்புனாலும் நம்பாட்டியும் நடந்தது இதுதான். ஒரு ஆள் நின்னு யோசிச்சு பட்டன அமுக்குற மாதிரி, கொஞ்ச நேரம் விட்டு ஆறாச்சு. சுவத்துக் கடிகாரத்துல நாலே கால். வெளிய பஸ் ஹோர்ன் கேக்குது, முன்னால ஒரு பொம்பள புள்ளைக்கு இனிப்பு வாங்கிக் குடுக்குறா, இங்க நம்பர் இறங்குது.

எனக்கு வேற ஒண்ணும் தோணல, சைபருக்குப் போனா ராஜி இல்லைன்னு மட்டும் தோணிச்சு. யாரு சொன்னாங்கன்னு தெரியாது, ஆனா அவ்வளவு உறுதியாத் தெரிஞ்சிச்சு. நானா வயரப் பிடுங்கப் போனாரு. நான் அவரு கையப் பிடிச்சு நிறுத்திட்டேன், பெரிய மனுஷன், அந்த மணிக்கட்டு வீங்குற அளவுக்கு அமுக்கிட்டேன். அஞ்சாச்சு. நான் அந்த மேசையில தலைய வச்சு அழுதேன். "புதுசு வேணாம், மாத்த மாட்டேன், எந்தக் காலத்துலயும் மாத்த மாட்டேன், இதோட நில்லு"ன்னு சொன்னேன். யாருகிட்ட சொன்னேன்னு அப்ப யோசிக்கல.

நின்னுச்சு. அஞ்சுல நின்னுச்சு. நாங்க அந்தி மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தோம், அப்புறம் அது அசையல. நானா பொட்டிய மூடி, துணிய இருந்த மாதிரியே வச்சு, சாக்குல சுத்திக் குடுத்தாரு. புது பெட்டரி போடல, நானும் கேக்கல. "தம்பி, கோவிச்சுக்காதீங்க, இத திரும்ப எங் கடைக்குக் கொண்டு வராதீங்க"ன்னு மட்டும் சொன்னாரு.

பன்னெண்டு நாள் கழிச்சு போன் வந்திச்சு. தெரியாத நம்பர். என்னங்கன்னு ஒரு குரல், நான் யாருன்னு கேட்டேன். எம் பொஞ்சாதிகிட்ட நான் யாருன்னு கேட்டேன். அவ்வளவு மாறியிருந்திச்சு, கரகரன்னு, கீழ.

வேல செஞ்ச வீட்டுல அவள பூட்டி வச்சிருந்திருக்காங்க, போனப் பறிச்சுட்டாங்க. ஒரு நாள் மாடி ஜன்னல் வழியா இறங்கப் பாத்து விழுந்திருக்கா. ஆஸ்பத்திரியில மூச்சு நின்னு போயி, கழுத்துல ஓட்டை போட்டு குழாய் வச்சுத்தான் காப்பாத்தியிருக்காங்க. அங்க வேல செய்ற நம்ம ஊர் நர்ஸ் ஒருத்தியாலதான் தூதரகத்துக்கே தெரிஞ்சிச்சு. வீட்டுக்கு வர இன்னும் ரெண்டு மாசம் போச்சு. லயத்து வாசல்ல அவ வந்து நின்னப்ப கழுத்துல ஒரு குழி, ஒரு சதக்காசு அளவுக்கு. தர்ஷினி அந்தக் குழிய ஒரு விரலால தொட்டுட்டு, அப்புறம்தான் அழுதா.

ஆஸ்பத்திரிக் காயிதம் எல்லாம் அரபி. மனசு கேக்கல, அதத் தூக்கிக்கிட்டு நானாகிட்ட போனேன், பொட்டிய இல்ல, காயிதத்த மட்டும். பொருள் முழுக்கத் தெரியாது தம்பி, நம்பர் வாசிப்பேன்னாரு. அவரு அன்னைக்கு நான் வந்த நாள கொப்பியில எழுதி வச்சிருந்தாரு. அதே நாள். அவசரத்துல கொண்டு வந்து சேத்த நேரம் ஒன்னே முக்கால்னு போட்டிருக்கு. அந்த ஊருக்கும் நமக்கும் ரெண்டரை மணி வித்தியாசம். நானா விரல்ல எண்ணிப் பாத்தாரு, நாலே கால். காயிதத்த மடிச்சு என் சட்டைப் பையில அவரே வச்சாரு. டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சுட்டு வந்தேன்.

அவ பாடவே மாட்டேன்னுதான் சொன்னா. மூணாவது வெள்ளிக்கிழமை அவளாவே கோயிலுக்கு வந்து, நான் பொட்டியப் போடுறதுக்கு முன்னாலயே, சும்மா வாய்க்குள்ள ஒரு வரி எடுத்தா. நான் சுவிட்சப் போட்டு வெள்ளைக் கட்டைய அமுக்குனேன். ஒரு இம்மி கூட விலகல. பிளஸ் அஞ்சு. கணேசன் டோலக்க அடிக்காம அழுதான். அவன் தொண்டைக்கும் அது தோதா இருந்திச்சு.

நேர்த்தி நிறைவேறியாச்சு, துணிய அவுத்து அம்மனுக்குச் செலுத்தணும்னு பூசாரி மாமாகிட்ட போயி எல்லாத்தையும் சொன்னேன். அவரு வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டவரு, பாதியில மெல்றத நிறுத்திட்டாரு.

"மாப்ள, துணிய ஆத்தா காலடியில வச்சு முடிஞ்சியா?"

"இல்ல மாமா, பொட்டியில."

"கைய எங்க வச்சுச் சொன்ன?"

"பொட்டி மேல."

"அப்ப கடையில மாத்த மாட்டேன்னு வாக்குக் குடுத்தியே, அது யாருக்கு?"

அவரே வெளிய போயி வெத்தலையத் துப்பிட்டு வந்தாரு. "ஆத்தாகிட்ட வச்சத ஆத்தாகிட்ட அவுக்கலாம். இத நான் அவுக்க மாட்டேன்"னு சொல்லிட்டு, துன்னூறு மட்டும் பூசி அனுப்பிட்டாரு. பொங்கல் வச்சோம், அர்ச்சனை செஞ்சோம், கதிர்காமம் போயிட்டும் வந்தோம். துணி இன்னும் பொட்டியிலதான் இருக்கு.

ராஜிக்கு இதுல ஒண்ணும் தெரியாது. கடையில நடந்தத அவகிட்ட நான் சொல்லல, அவ விழுந்தத பத்தியே அவள நினைக்க விடக் கூடாதுன்னு இருந்தேன். போன மாசம் அவளே பேச்செடுத்தா. "ஏங்க, இந்தப் பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுங்களேன். இரைச்சல்ல எனக்கு சுதியே கேக்கல. நாந்தான் வந்துட்டேனே, இன்னும் எதுக்கு இதக் கட்டிக்கிட்டு அழுறீங்க"ன்னா. கமிட்டியும் சரின்னுட்டாங்க. கணேசன் பண்டாரவளையில ஒரு எடத்துல பேசியும் வச்சுட்டான்.

அவ சொன்னதுக்கு மறுநாள் காலையில, யாரும் எழும்பாதப்ப, சும்மா ஒரு தடவ சுவிட்சப் போட்டுப் பாத்தேன்.

நாலு.

அந்த வெள்ளிக்கிழமை அவ பாடுனா. எடுத்ததே நாலுலதான் எடுத்தா. பனி ஒத்துக்கலன்னு தொண்டைய செருமிக்கிட்டா. இப்ப படி ஏறி வந்தா வாசல்ல கொஞ்சம் நின்னுட்டுத்தான் உள்ள வர்றா. கிளினிக்குல காட்டுனோம், எல்லாம் சரியாத்தான் இருக்குங்கிறாரு டொக்டர். நான் பொட்டியக் குடுத்துட்டா, குடுத்த வாக்க மீறுனவன் ஆயிடுவேன். குடுக்காம வச்சிருந்தா அது எண்ணிக்கிட்டே இருக்கும். தீயில போடலாமான்னு கூட யோசிச்சேன், கை வரல. அஞ்சு மாசம் அவள உசிரோட வச்சிருந்தது அதுதானோன்னு ஒரு நினைப்பு, அவள இப்ப கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறதும் அதுதானோன்னு இன்னொரு நினைப்பு. தாயே மாரியாத்தா, நான் உங்கிட்ட வந்திருக்கணும்.

மூணு வெள்ளிக்கிழமையா வயர் பழுதுன்னு சொல்லி சும்மா தாளத்துக்கே பாட வச்சேன். இன்னைக்கு தர்ஷினி புது வயர் வாங்கிட்டு வந்துட்டா. இத எழுதிக்கிட்டிருக்கப்பவே ராஜி தலைக்கு ஊத்திட்டு வந்து விளக்கேத்திட்டா, உள்ள இருந்து கூப்பிடுறா.

"என்னங்க, பொட்டியப் போடுங்க. ஒரு தடவ பாடிப் பாத்துட்டுப் போவோம்."

வர்றேன்னு சொல்லிட்டேன். இன்னும் எழும்பல.